அக்கா வீட்டு மழைத்தண்ணீர்

மைசூரில் சரிவான இடத்தில் நானும் அக்காவும் வீடு கட்ட அடுத்தடுத்து சைட் வாங்கினோம். மேலே அக்காவுடையது, அதன் பின்னால் தாழ்வில் என்னுடையது. அவள் முதலில் வீடு கட்டினாள். பின்பக்கம் தெருவைவிடப் பள்ளம் என்பதால், மழைநீர்க் குழாயை என் சைட்டுக்குள் விட்டார்கள்.

"காலி சைட்தானேம்மா, நீ கட்டறப்ப மாத்திக்கலாம்" என்றார் மாமா, அக்கா வீட்டுக்காரர்.

நான் கட்டியபோது முன்பக்க எலிவேஷனுக்கு என்ன டைல்ஸ் என்றே பேசினோம். குழாயை எல்லோரும் மறந்துவிட்டோம். முதல் பெருமழையில் என் சமையலறைக்குள் சேறு புகுந்தது. வார்த்தை தடித்தது. மாமா குழாயை வேறு பக்கம் திருப்பினார். இரு வீட்டுக்கும் நடுவே வைத்திருந்த சின்னக் கேட்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

இப்போது யார் வீடு கட்டினாலும், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்றுதான் முதலில் கேட்கிறேன். என் சமையலறை நனைவதில்லை. கேட் வழியாக அக்கா குழம்பு கொடுத்த கிண்ணம் மட்டும், திருப்பித் தர முடியாமல் சமையலறையிலேயே இருக்கிறது.