வெட்டாத மூன்றாம் பாகம்

அரண்மனையில் இருக்கும் மகாராணிக்கே தன் கணவருக்காக எப்படித் துக்கம் காப்பது என்று சந்தேகம் வந்தால், ஹாத்தர்பி கிராமத்துக்கு ஆள் அனுப்பி மிஸஸ் தெர்ஸா ஆப்பிள்யார்டிடம் கேட்டுக்கொள்ளலாம். கறுப்பு உடுத்துவதில் உலகத்திலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் தெருவில் இறங்கினால் காக்கைகள் தாங்கள் வெளுத்துவிட்டதாகக் கவலைப்படும். கணவர் எப்போது இறந்தார் என்று கேட்டால் கைக்குட்டையை எடுப்பாள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால் இன்னொரு கைக்குட்டை.

தொப்பி தைத்து, ஆறு வயது மகள் ஃபேனை வளர்த்துவந்தாள். குரல் நன்றாக இருந்ததால், செவ்வாய்க்கிழமைகளில் பாதிரியார் வீட்டில் பெண்கள் கூடி ஏழைகளுக்குப் பாவாடை தைக்கும்போது நாவல் வாசித்துக்காட்டும் வேலை அவளுக்கு. குதிரைச் சேணம் தைப்பவரின் மகள் கெசியாவும் அங்கே இருப்பாள். பதினாறு வயது. ஆசிரியையின் தொப்பிக்குள் தவளையை வைத்ததோடு அவள் படிப்பு முடிந்திருந்தது.

அந்த மாதம் வாசித்தது, புருஷனை விட்டு ஓடிப்போன ஒருத்தியின் கதை. மூன்றாம் பாகம் லண்டனிலிருந்து அன்றுதான் வந்திருந்தது.

"ஒண்ணு அவ திரும்பிப் போவா, இல்ல செத்துப்போவா," என்றாள் பாதிரியார் மனைவி மிஸஸ் லம்ப், நூலைப் பல்லால் கடித்தபடி. "மூணாம் பாகம் வேற எதுக்கு இருக்கு?"

"நடுவுல காய்ச்சலாவது வரட்டுமே," என்றாள் கெசியா.

"வாயை மூடிட்டுத் தையலைப் பாருடி."

தெர்ஸா வாசித்தாள். கதாநாயகி திரும்பிப் போகவில்லை. ஏன் ஓடினாள் என்பது இப்போதுதான் வெளிவந்தது: புருஷன் டீத்தூளைக்கூடப் பூட்டிவைப்பானாம், ஒருநாள் குழந்தையின் உள்ளங்கையை அடுப்புக் கம்பியில் வைத்து அழுத்தினானாம். மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்த ஃபேன் இடது கையை இறுக மூடிக்கொண்டாள்.

கெசியா மட்டும் அதைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். புதுப் புத்தகத்தின் தாள்கள் ஓரத்தில் ஒட்டியே வரும். கத்தியால் பிரித்தால்தான் படிக்க முடியும். கத்தி மேசைமேல் சும்மா கிடந்தது. தாள் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

கதாநாயகி தூரத்து ஊரில், வேறு பெயரில், கோழி வளர்த்து நிம்மதியாக இருந்தாள் என்று கதை முடிந்தது.

"கோழியா!" மிஸஸ் லம்ப் மூக்கை உறிஞ்சினாள். "என்னால நம்ப முடியல. கொடுங்க, முடிவை நானே ஒரு தடவை படிக்கிறேன்."

தெர்ஸாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கதை யாருடையது என்று தெரிந்தால், ஊர் வம்பு நாலு கடிதத்தில் எட்டி, அவள் விட்டு ஓடிவந்த புருஷன் வந்து நிற்பான். சட்டப்படி ஃபேன் அவனுடைய குழந்தை.

கெசியா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் வழியே குதித்து ஓடினாள். அரை மணி கழித்து முழங்கால்வரை நனைந்து வந்து நின்றாள்.

"வாத்துக்குப் படிச்சுக் காட்டினேன். குளத்துல விழுந்துருச்சு."

அப்பாவின் தோல்வார் அன்று நன்றாக உழைத்தது. ஊரே அவளைத் திட்டியது. மிஸஸ் லம்ப் இரண்டு நாள் பேசவில்லை. அது கெசியாவுக்குப் போனஸ்.

வியாழக்கிழமை தெர்ஸா சேணப் பட்டறைக்கு வந்தாள். குதிரைக் கழுத்துப்பட்டைகளுக்குப் பின்னால், தோல் அறுக்கும் பிறைக்கத்தியும் கையுமாக, மடியில் அந்தப் புத்தகத்தோடு கெசியா உட்கார்ந்திருந்தாள்.

"குளத்துல போன புத்தகம் நல்லாவே காய்ஞ்சிருக்கே," என்றாள் தெர்ஸா.

கெசியா எழுந்தாள்.

"சொல்லு. அவ என்ன ஆனா?"

"கோழி வளர்க்கிறா. நீங்க வாசிச்ச மாதிரியேதாம்மா அச்சடிச்சிருக்கு. ஒரு சொல்லு மாறல."

தெர்ஸா புத்தகத்தை வாங்கிக் கடைசியைப் புரட்டப் பார்த்தாள். கடைசி நாற்பது பக்கங்களும் பிரிக்கப்படாமல் ஒட்டியபடியே இருந்தன.

"இதை எப்படிடி படிச்சே?"