சுடுகிற சுவர்

சிம்மக்கல்லில் ஆண்டிச்சாமியின் வீட்டில் மூன்று குடித்தனங்கள், மீட்டர் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு குண்டு பல்பு, அதற்கு மேல் எதுவும் கூடாது என்பது அவர் சட்டம். யாராவது திருட்டுத்தனமாக எதையாவது மாட்டினால் உடனே ஃபியூஸ் போகட்டும் என்று ஃபியூஸ் கட்டையில் மயிரிழைக் கம்பியைத்தான் கட்டிவைப்பார்.

எழுமலையிலிருந்து வாக்கப்பட்டு அங்கே ஒரு குடித்தனத்துக்கு வந்த ராமக்காள் இரண்டு கோடையைப் பனைமட்டை விசிறியோடு தள்ளினாள். மூன்றாம் கோடையில் கைக்குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. அவள் புருஷன் நல்லகாமன், வெங்காய மண்டியில் எடை போடுகிறவன், ஆண்டிச்சாமியிடம் வாடகையைக் கூட்டித் தருவதாகச் சொல்லி மேசை ஃபேன் ஒன்றை வாங்கிவந்தான். குழந்தை அன்றைக்குத்தான் அசந்து தூங்கியது.

பக்கத்துக் குடித்தனத்துச் சின்னத்தாயும் கூடுதல் வாடகைக்குச் சம்மதித்து ஒரு ஃபேன் வாங்கினாள். பின்னாலேயே இஸ்திரிப் பெட்டியும் வந்தது. ஃபியூஸ் ஓயாமல் போனது. பொறுமையிழந்த நல்லகாமன் ஒருநாள் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி மாட்டினான்.

"இனி எமனே வந்தாலும் பீஸு போகாது" என்று சிரித்தான்.

உண்மையிலேயே போகவில்லை. ஆனால் மத்தியான வேளைகளில் ரப்பர் கருகும் வாடை வரத் தொடங்கியது. ஒயர் ஓடிய மரச்சட்டத்தின் ஓரம் கைவைத்தால் சுவர் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. ராமக்காள் ஆண்டிச்சாமியிடம் போனாள்.

"அண்ணே, ஒயரு தாங்கல. மாத்திருங்கண்ணே."

"அம்புட்டுச் செலவுக்கு எங்க போக? வெயில்ல சுவரு சுடத்தான் செய்யும்த்தா."

புருஷனும் கேட்கவில்லை. அதனால் வாடை வந்தபோதெல்லாம் அவளே போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். புழுக்கத்தில் வெந்த மற்றக் குடித்தனக்காரர்கள் அவள் காதுபடவே வைதார்கள். சுவர் ஆறிய பிறகுதான் கட்டையைத் திரும்ப மாட்டினாள்.

ஆடியில் அப்பாவுக்கு முடியவில்லையென்று ஊரிலிருந்து ஆள் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் சின்னத்தாய் வாசலில் நின்றாள்.

"வாடை அடிச்சா கட்டையப் பிடுங்கிரு தாயி."

"நீ போய்ட்டு வாக்கா. நான் பாத்துக்கிறேன்."

சின்னத்தாயும் மனுஷிதானே. மறுநாள் உச்சிவெயிலில் ஃபேனைச் சுழலவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டாள்.

அப்பாவுக்குத் தேவலையாகி ராமக்காள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெருவெல்லாம் கரி வாடை. வாசலில் ஓட்டுச் சில்லும் எரிந்த உத்தரமும் குவிந்து கிடந்தன. நல்லகாமன் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சின்னத்தாயி?"

"தூக்கத்துலயே போய்ச் சேந்துட்டா" என்றான் தரையைப் பார்த்தபடி.

செல்லூரில் வேறு இடம் பார்த்துப் போனார்கள். நல்லகாமனுக்குப் பேச்சு குறைந்துபோனது. தை பிறந்ததும் ஆண்டிச்சாமி ஓடு மாற்றி, வெள்ளையடித்து, சின்னத்தாய் இருந்த இடத்தில் மேலூர்க் குடும்பமொன்றைக் குடிவைத்தார். கேள்விப்பட்ட ராமக்காள் மனசு கேட்காமல் போய், நடந்ததையெல்லாம் அந்தக் குடும்பத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் சரி பண்ணிட்டேன்னு வீட்டுக்காரரு சொன்னாருக்கா. கூட வாடகை பேசித்தான் ஃபேன் போட்டிருக்கோம். உள்ள வாங்க, சித்த காத்தாட உக்காருங்க."