காங் சார் தேர்ந்தெடுத்த அதிபர்

வெள்ளிக்கிழமை துபாயில் என் அல் கூஸ் ரூமில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கத்தாரில் ராஸ் லஃபானிலிருந்து, முன்பு என்னோடு வேலை பார்த்த செல்வராஜ் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அண்ணே, நம்ம காங் சார் போயிட்டாராம். அவர் ஊர்லயே, தூக்கத்துல. கொரியாக்காரங்க இப்பதான் சொன்னாங்க." சோப்பு நுரைக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ராஸ் லஃபான் எரிவாயு சைட்டில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் கொரிய மேனேஜர். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி உடற்பயிற்சி செய்யவைத்த பிறகுதான் வேலையைத் தொட விடுவார். பிந்தி வந்தால் "ஜல்தி பாய், ஜல்தி" என்று உயிரை வாங்குவார். முன்கோபி, ஆனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவர்.

அவருக்கும் ஒரு தலைவர் இருந்தார். அரசு வழக்கறிஞராக இருந்து, பெரிய பெரிய ஆட்களையே சிறைக்கு அனுப்பிவிட்டு, அரசியலுக்கு வந்து அதிபரானவர். அவருக்கு ஓட்டுப் போடவே காங் சார் லீவு எடுத்துத் தோஹாவிலிருந்த தூதரகத்துக்குப் போனார். "இவர் யாருக்கும் பயப்பட மாட்டார்" என்பார் பெருமையாக. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காங் சாரின் மகன் மட்டும், "அப்படிப்பட்டவர் கையில் ராணுவத்தைக் கொடுக்கலாமா அப்பா?" என்று கேட்டானாம். அதையும் எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அந்த மகனே கட்டாய ராணுவ சேவைக்குப் போனான். ஒருநாள் டூட்டி முடிகிற நேரம், அதிபர் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்ற வாசலில் சிப்பாய்கள், எதிரே ஜனங்கள். மகனின் போன் அணைந்திருந்தது. காங் சார் தன் போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, ஹெல்மெட் போட்ட ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"பையன் அங்க இருக்க மாட்டான் சார்," என்று செல்வராஜ் டீயை நீட்டினான்.

"இருந்தால் சுடுவானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை," என்றார் அவர். கேம்ப் பஸ் கிளம்பிவிட்டது. நாங்கள் ஏறவில்லை.

சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டது. அதிபரின் பதவி பிற்பாடு போயிற்று, சிறைக்கும் போனார். மகன் மறுநாள் கூப்பிட்டான். துப்பாக்கியோடு லாரியில் உட்காரவைத்திருந்தார்களாம், உத்தரவு வரவில்லையாம். "நீங்கள் தேர்ந்தெடுத்தவருக்காக உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதன்பின் காங் சார் யாரையும் விரட்டவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும் முன் கேம்பில் என் ரூமுக்கு வந்தார். கட்டிலுக்கு மேலே நான் ஒட்டியிருந்த எங்கள் தலைவரின் படத்தைப் பார்த்து, இவர் எப்படி என்று கேட்டார். "யாருக்கும் பயப்பட மாட்டார் சார்," என்றேன், யோசிக்காமல்.

அவர் சிரிக்கவில்லை. "உனக்கு மகன் இருக்கிறானா?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். எங்கள் தலைவர் இப்போது முதலமைச்சர். என் மகன் ஆயுதப்படை போலீசில் பயிற்சி முடித்திருக்கிறான். நேற்று கூப்பிட்டான். "போராட்டம் நடக்குற எடத்துக்கு எங்களைத்தான் அனுப்புறாங்கப்பா. துப்பாக்கி குடுத்துட்டாங்க. நம்ம தலைவரோட உத்தரவுதான், நீ ஒண்ணும் கவலப்படாத."