முகம் கரைந்துபோன அடையாள அட்டை

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

சிவனொளிபாதமலைக்கு நடக்கலாமென்று காலையில் கஹவத்தையில் பஸ் ஏறினேன். கொட்டுகிற மழை. மழைச் சாமான் விற்கிற எனக்கா பேக் கட்டத் தெரியாது? உடுப்பு, டோர்ச், பிஸ்கட் எல்லாம் தனித்தனிப் பொலித்தீனில். உடம்பில் என் கடை ரெயின்கோட்.

இரத்தினபுரிக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தேன். பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர்! படத்தில் முகமே இல்லை, வெறும் கறை. தமிழ்ப் பெயர் மட்டும் பளிச்சென்று மிச்சம்.

சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். "இது யாரு?"

"நான்தான் சேர்."

"நீதான்னு யாரு சொல்றது?"

என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னான். இந்த யுத்த நாளில் அப்படி நின்றவர்களில் பலர் வீடு திரும்பாத கதை உங்களுக்கும் தெரியும்.

பஸ் கண்டக்டர் ஓடி வந்தார். "சேர், இவரு கஹவத்தையில கடை வச்சிருக்கிற முதலாளி. எனக்குத் தெரியும். இந்தா, எனக்கும் இதே கோட்டைத்தான் வித்தாரு. பாருங்க, எப்படி ஒழுகுதுன்னு!"

நனைந்த சட்டையை இழுத்துக் காட்டினார். சிப்பாய் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"போ" என்றான்.

மலைக்குப் போகவில்லை. அப்படியே வீடு திரும்பிவிட்டேன்.

நாளைக்குக் கண்டக்டருக்கு நல்ல கோட் ஒன்று சும்மா கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டை வாங்கின மற்றவர்களும் கடைக்கு வந்து திட்டலாம். வரும்போது அடையாள அட்டையை முதலில் பொலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள்.