அடிப்பக்கம் சாயும் கை

கல்லக்காளுக்கு ஒரு பேர் இருக்கத்தான் செய்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. சுற்றுவட்டாரத்துச் சலூன்காரர்கள் அன்றாடத்துக்குக் கத்தியை அவரவர் கடையிலேயே கல்லில் லேசாக ஓட்டிக்கொள்வார்கள். அது முரண்டு பிடிக்க ஆரம்பித்தால் அவளிடம் ஓடி வருவார்கள். "தாடி எடுத்தியா, விறகு பிளந்தியா?" என்று ஒரு வாங்கு வாங்கிவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைப் படுக்கவைப்பாள். கத்தியின் முதுகும் வெட்டுகிற வாயும் சேர்ந்தே கல்லைத் தொட வேண்டும். வாய் முன்னே போக ஒரு தள்ளு, கோடியில் முதுகின் மேல் ஒரு புரட்டு, திரும்ப ஒரு இழுப்பு. அழுத்தவே கூடாது. தீட்டுகிறவன் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முதுகு அதிகம் தேயும், தேய்ந்த இடம் பளபளவென்று ஒரு பட்டையாகத் தெரியும். அதைப் பார்த்தே இது மூலைக்கடைக்காரன் கை, இது அவன் மச்சான் கை என்று சொல்லிவிடுவாள்.

ஒரு மத்தியானம் பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாகக் கடை போட்டவன் கத்தியோடு வந்தான். பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பட்டை பிடிப்பக்கம் அகலமாக ஆரம்பித்து, நுனியில் நூலாக இளைத்திருந்தது. அது அவள் புருஷன் கை.

அவனுக்கு வலது கட்டைவிரல் கதவில் நசுங்கிக் கோணலாகக் கூடியது. அதிலிருந்து எத்தனை கத்தி தீட்டினாலும் கை பிடியிருக்கிற அடிப்பக்கம்தான் சாயும். வேலை தேடி வெளியூர் போகிறேன் என்று தன் கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிய மனுஷன், வருஷக்கணக்காகத் தகவலே இல்லை. "வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துரும்மா" என்று அவள் அண்ணன் கூப்பிடாத மாசமில்லை. "பூட்டைப் பார்த்துட்டு அவரு திரும்பிப் போயிட்டா என்னண்ணே பண்றது?" என்பாள். 

"இதை யாரு தம்பி தீட்டினது?"

"நான்தான்க்கா."

அவன் விரல்களைப் பார்த்தாள். எல்லாம் நேராகத்தான் இருந்தன. சாய்வைச் சரிசெய்து தீட்டிக் கொடுத்தாள். கத்தி திரும்ப வந்தபோது, அவள் சரிசெய்ததன் மேலேயே அதே சாய்வு புதிதாக ஏறியிருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார், அந்தக் கடைக்குள்தான் இருக்கிறார்! செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டாள்.

கடையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு திரை. விறுவிறுவென்று போய்த் திரையை விலக்கினாள். துடைப்பமும் வாளியும் இருந்தன. மேடையில் புருஷன் கொண்டுபோன அந்தக் கல் இருந்தது, ஒரு பக்கம் குழி விழுந்து.

"அதைத்தான் உங்ககிட்டே கொண்டாரணும்னு இருந்தேன். சமப்படுத்திக் குடுங்கக்கா."

"இது ஏது உனக்கு?"

"முன்னே இருந்த ஊர்ல, லாட்ஜ்ல ஒரு ஆளு செத்துக் கிடந்தாரு. கேட்டு யாரும் வரலை. மொகம் பார்க்கச் சகிக்கலைன்னு என்னைக் கூப்பிட்டுச் சவரம் பண்ணச் சொன்னாங்க. கல்லு அவரு பையில இருந்துச்சு, நீயே வச்சுக்கோன்னுட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். "ஒடம்பெல்லாம் வெறைச்சுப்போச்சுக்கா, கட்டைவிரல் மட்டும் கோணலா, கத்தி பிடிச்ச மாதிரியே மடங்கியிருந்துச்சு. நிமித்திப் பார்த்தேன். திரும்ப மடங்கிக்கிச்சு."

வீட்டுக்குக் கல்லை எடுத்து வந்தாள். கல்லைச் சமப்படுத்த அதன்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கொண்டு, சொரசொரப்பான பலகைக்கல்லில் தேய்ப்பாள். மேட்டில் இருக்கிற கோடு முதலில் அழியும். மற்றதெல்லாம் அழிந்தும் குழிக்குள் மட்டும் கோடுகள் நின்றன. புருஷன் கை போய்ப் போய் வந்த இடம் அப்படியே தெரிந்தது. விரலை வைத்தாள். உள்ளேயிருந்து யாரோ மெல்லப் பிடித்து இழுப்பது போலிருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு வாய்விட்டு அழுதுகொண்டே கடைசிக் கோடு வரை தேய்த்தாள்.

கல்லைக் கொடுத்தனுப்பிவிட்டு, வருகிறேன் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். பாத்திரமெல்லாம் மூட்டையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து பஸ் நிலையத்துச் சலூன்காரன் கத்தியோடு வந்து நின்றான்.

பிரித்தாள். பிடிப்பக்கம் அகலம், நுனியில் நூல். புதுத் தேய்மானம்.

 அந்தக் கல்லில் இப்போது ஒரு நூல் அளவு குழிகூட இல்லை, அவளே தேய்த்தது. தன்னுடைய கல்லை அவன் முன்னால் நகர்த்தித் தண்ணீர் தெளித்தாள். "தீட்டு தம்பி. நான் பார்க்கணும்."

அவன் கத்தியைப் படுக்கவைத்தான். நேரான கட்டைவிரல் மெல்லக் கோணி மடங்கியது. மணிக்கட்டு அடிப்பக்கம் சாய்ந்தது. ஒரு தள்ளு. புரட்டுவதற்கு முன் மூச்சுப் பிடிக்கிற மாதிரி ஒரு நிறுத்தம், அதுவும் அவள் புருஷனுடைய நிறுத்தம்தான்.

"வெரலை ஏன் மடக்குறே?"

"மடக்குறேனா?" அவன் குனிந்து தன் கையையே பார்த்தான்.  "தெரியலையேக்கா. அந்தக் கல்லுலயே தீட்டித் தீட்டி வந்துருச்சோ என்னவோ." கத்தியைக் கீழே வைக்கப்போனான்.

"நிறுத்தாதீங்க," என்றாள். தம்பி என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.