பின்கதவு மந்திரிப்பு

நான்கு நிமிடம். இந்த எண்ணைத் தலைக்குள் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். மெத்தைக்குள் திணிக்கிற ஃபோம் தீப்பிடித்தால், அந்தக் கறுப்புப் புகை ஒரு கூடத்தில் நிற்கிற ஆளைச் சாய்க்க அவ்வளவு நேரம் போதும் என்று தீயணைப்புக்காரர் விசாரணையில் சொன்னார். மெத்தை ஆலையின் தையல் கூடத்தில் ஏழு பெண்கள் அப்படித்தான் செத்தார்கள். ஏழு பேரையும் புதைத்தவர் ஒரே சாமியார். இது அவர் கதை.

அவர் கடல் தாண்டி வந்த வேதபோதகர். கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் இரும்புக் கட்டில், ஒரு ஸ்டவ். ஜன்னலைத் திறந்தால் ஆலையின் புகைபோக்கி. முதல் ஷிப்டுச் சங்கு ஊதும் முன் பூசை வைப்பார். வேலைக்கு ஓடுகிற பெண்கள் செருப்பைக் கழற்றாமலே கடைசி வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு பறப்பார்கள். பூசை முடிந்ததும் அங்கியைத் தானே துவைப்பார், தானே காயப்போடுவார். பிறகு சைக்கிள். இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் லாரிக்காரருக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தைபூசுதல், குடித்துவிட்டு வந்து மனைவியை வெளியே தள்ளியவனுக்கு நாலு வசவு, பழைய வேன் வாங்கியவனுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பு, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது புரியாத கிழவருக்குத் துணை. வந்த புதிதில் அந்த ஊர்ப் பேச்சு அவர் வாயில் நுழையவில்லை. பிரசங்கம் வைத்தால் முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

தீ விபத்துக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. இருமத்தான் செய்தார். அதுவும் எல்லா நேரமும் இல்லை. பூசையில், நமக்குத் தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடம் வரும் அல்லவா, அங்கே மட்டும் வரும் இருமல். ஊர் அவருக்கு 'இருமல் சாமி' என்று பேர் வைத்தது. புகை நெஞ்சில் தங்கிவிட்டது, பாவம் என்றார்கள்.

புகை இல்லை. கோயில் வேலை பார்த்த பெண்ணுக்கு அது தெரியும். பீடத்துணி துவைப்பது, மெழுகுவர்த்தி மாற்றுவது, மணியடிப்பது எல்லாம் அவள்தான்.

"சாமி, அந்த வரி வர்றப்ப மட்டும் கரெக்டா இருமல் வருதே. மருந்துக்கடையில இதுக்கு மருந்து இருக்கான்னு கேக்கட்டுமா?"

"கேளு. இருந்தா வாங்கிடாத."

செத்த ஏழு பேரில் ஒருத்தி அவளுடைய அக்கா. ஆலையில் எல்லோரும் அவளை 'லைன் அக்கா' என்பார்கள். தையல் வரிசைக்குப் பொறுப்பு அவள்.

தீப்பிடித்த அன்று தீயணைப்புக்காரர்களின் பின்னாலேயே சாமியார் உள்ளே போனார். எண்ணெய்ச் சிமிழோடு போனார். ஏழு பேரும் பின்கதவை ஒட்டிக் கிடந்தார்கள். கதவில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. லைன் அக்காவின் விரல்கள் சங்கிலிக் கண்ணிக்குள் மாட்டியிருந்தன. அவர்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

அந்தக் கதவை ஏன் பூட்டினார்கள்? மெத்தை உறைத் துணி திருட்டுப் போகிறதாம். பெண்கள் காற்று வாங்கப் போகிறார்களாம். பூட்டியவன் சூப்பர்வைசர். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி ஜிங் ஜிங் என்று ஆட நடப்பவன். அதனால் அவனுக்குப் பேரே 'சாவிக்கொத்து'. பூட்டச் சொன்னவர் முதலாளி.

விசாரணையில் முதலாளி எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்: "சாவி கதவுக்குப் பக்கத்துலயே ஆணியில தொங்குச்சுங்க. கையை நீட்டினா எட்டும். அரை நிமிஷத்துல தொறந்திருக்கலாம். பாவம், அந்த லைன் அக்கா பதறிப்போயி எல்லாரையும் பின்கதவு மூலைக்கு இழுத்துட்டுப் போயி, சாவியைப் பாக்காமலே விட்டுருச்சு."

சாவிக்கொத்து தலையாட்டினான். தப்பியவர்கள் எல்லாம் முன்வாசல் பக்கம் இருந்தவர்கள். வேலை போய்விடும் என்று வாயைத் தைத்துக்கொண்டார்கள்.

சாமியார் சாட்சி சொல்லப் போனார். சங்கிலி, பூட்டு, விரல் எல்லாவற்றையும் தன் ஓட்டைப் பேச்சில் சொன்னார். முதலாளியின் வக்கீல் மரியாதையாகவே கேட்டார்: "ஃபாதர், இப்ப நீங்க சொன்னீங்களே, அது கதவா, ஜன்னலா?" கூட்டம் சிரித்தது. "ஃபாதர் நல்லவர். ஆனா நம்ம பேச்சு அவருக்கு இன்னும் பிடிபடல. புகையில எதையோ பாத்து எதையோ சொல்றாரு." சாட்சி தள்ளுபடி. பழி செத்தவள் தலையில் விழுந்தது.

அன்றிலிருந்து கோயில் வேலை பார்த்த அந்தத் தங்கச்சி தெருவில் நடந்தால் மற்ற ஆறு பேர் வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொண்டன. ஒரு தாய் நடுத்தெருவில் நின்று, "உங்கக்கா இழுக்காம இருந்திருந்தா எம்பொண்ணு இன்னைக்கு இருப்பா" என்றாள். தங்கச்சி நேராகக் கோயிலுக்கு வந்து மெழுகுவர்த்திகளை எல்லாம் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. அக்கா பேர்ல இருக்கிற இந்தப் பழி போகணும். போட்டவன் வாயாலயே போகணும்."

சாமியார் உடைந்த மெழுகுவர்த்திகளைப் பொறுக்கினார். ஆறுதல் சொல்லவில்லை. அன்று மாலையே பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடிப் போய் அந்த ஊர்ப் பேச்சை ஒழுங்காகக் கற்றுத்தரச் சொன்னார். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். கடைசியில் வாத்தியாரையே திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஞாயிறு மாலை அவருடைய அம்மா போன் பண்ணுவார்.

"சாப்ட்டியாப்பா? பூசையில இன்னும் இருமல் வருதா?"

"அது ஒண்ணுமில்லம்மா."

"அங்க யார் மேலயும் கறுவிக்கிட்டு இருக்கலையே? உன் பேனாவை உடைச்சவன் பேனாவை வருஷக்கணக்கா காத்திருந்து உடைச்சவன்டா நீ. சாமியாராப் போறேன்னு சொன்னப்ப எனக்கு அதான் மொதல்ல பயம்."

"இல்லம்மா."

"இல்லங்கறதை எவ்வளவு சீக்கிரமா சொல்றான் பாரு."

ஆலையில் புதுத் தையல் கூடம் எழும்பியது. கோயில் கமிட்டிக்குத் தலைவர் யார்? அதே முதலாளி. சாமியார் அந்த நாட்டில் தங்க வருடா வருடம் சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர் யார்? அவரேதான். ஒருநாள் பழக்கூடையோடு வந்தார்.

"ஃபாதர், புதுக் கட்டடத்தை நீங்கதான் மந்திரிச்சுக் குடுக்கணும். லைசன்ஸ் ஆபீசர் வர்றார், பேங்க்காரங்க வர்றாங்க. பழசெல்லாம் மறந்துருவோம்."

"வர்றேன்," என்றார் சாமியார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட தங்கச்சி, முதலாளி போனதும் பழக்கூடையை அப்படியே தூக்கிக் குப்பையில் கொட்டினாள்.

"அவன் கட்டடத்துக்குத் தீர்த்தம் தெளிக்கப் போறீங்களா? வெக்கமா இல்ல?"

"நீயும் வா. தீர்த்தச் செம்பு பிடிக்க ஆள் வேணும்."

"என் செருப்பு கூட வராது."

அவர் அவளிடம் திட்டத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குத் தெரிந்தது இது. சில வாரமாகவே புதுக் கூடத்தில் வேலை நடக்கிறது. லாரிக்காரரின் மருமகள் அங்கே தைக்கிறாள். சாமியார் அவள் மாமனாரைப் பார்க்கப் போனபோது, தேநீர் ஆற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டாள்: "சாவிக்கொத்து மறுபடியும் ஜிங் ஜிங்னு நடக்குது சாமி. பின்கதவு மறுபடியும் பூட்டு." இது பாவசங்கீர்த்தனத்தில் ரகசியமாகக் கேட்டது அல்ல. ஊர் அறிந்த பேச்சு. சாமியார் லைசன்ஸ் ஆபீசரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். "நான் போய்ப் பாத்தேனே, தொறந்துதான் இருந்துச்சு" என்றார் அந்த மனுஷன். போகுமுன் போன் பண்ணிவிட்டுப் போகிற ஆபீசருக்கு எந்தக் கதவும் திறந்துதான் இருக்கும்.

மந்திரிப்பு நாள். வாசலில் ரிப்பன், நாற்காலி, ஒலிபெருக்கி. பெண்கள் புதுச் சீருடையில் மெஷின் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். தங்கச்சி வந்திருந்தாள். செம்பை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு, "நீங்க தனியா போய் அசிங்கப்பட வேணாம்" என்றாள். முதலாளியின் அம்மா இன்னும் வரவில்லை. காரில் போய்க் கூட்டிவரச் சாவிக்கொத்தை முதலாளியே அனுப்பியிருந்தார். "நீங்க ஆரம்பிங்க ஃபாதர், அம்மா வந்து சேந்துக்குவாங்க."

ஆரம்பித்தார். முன்வாசலில் தெளித்தார். கைதட்டினார்கள். முதலாளி விருந்துப் பக்கம் திரும்பினார். சாமியார் திரும்பவில்லை. உள்ளே நடந்தார். ஆபீஸ் அறை, சரக்கு அறை, கழிப்பறை என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து தெளித்தார். வீடு மந்திரிக்கும்போது எல்லா அறைக்கும் போவது வழக்கம்தானே. விருந்தாளிகள் வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தார்கள். பேங்க்காரர் கழிப்பறை வாசலில் பயபக்தியோடு நின்றதைப் பார்த்துப் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் பின்கதவு. சங்கிலி. பூட்டு.

சாமியார் நின்றார். தங்கச்சியும் நின்றாள். செம்புத் தண்ணீர் ததும்பிக் கீழே சிந்தியது. சுவரில் புதுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இதைத் தொறங்க," என்றார் சாமியார். ஓர் எழுத்து பிசகவில்லை.

"இது சும்மா கதவு ஃபாதர். இங்கேருந்தே தெளிச்சுருங்க," என்றார் முதலாளி.

"பூட்டின கதவு மேல தெளிக்கக் கூடாது. பாதி மந்திரிச்ச கட்டடம், மந்திரிக்காததை விட மோசம். விளங்காது."

அப்படி ஒரு சட்டம் எந்தப் பூசைப் புத்தகத்திலும் கிடையாது. அந்த இடத்தில் அவரே இயற்றியது. சுத்தப் பொய். ஆனால் பேங்க்காரர் முகம் மாறிவிட்டது. "தொறந்துருங்களேன் சார், எதுக்கு வம்பு?" என்றார்.

"சாவி... இப்ப வந்துரும்."

"அவசரமே இல்ல. அதுவரைக்கும் மன்றாட்டுமாலை சொல்லுவோம்."

ஆரம்பித்தார். ஒவ்வொரு புனிதர் பேராகச் சொன்னார். மெஷின் வரிசையிலிருந்து பெண்கள், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். முதலாளி போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். "எங்கடா இருக்க? ... அம்மா புடவை மாத்தறாங்களா? நீ வாடா மொதல்ல... அவங்களை விட்டுட்டு வாடா! ... கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டாங்களா?" எல்லோருக்கும் கேட்டது.

புனிதர்கள் தீர்ந்தார்கள். சாமியார் நிறுத்தவில்லை. செத்த பெண்களின் பேரைச் சொன்னார். முதல் பேருக்குக் கூடம் திகைத்தது. இரண்டாவது பேருக்கு நாலைந்து குரல். மூன்றாவது பேருக்கு எல்லாக் குரலும் வந்தது. கடைசியாக லைன் அக்காவின் பேர். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அந்தக் குரல்களில் நடுத்தெருவில் நின்று ஏசிய தாயின் இளைய மகளும் இருந்தாள்.

சாமியார் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். பக்தியால் அல்ல. முதலாளியின் கழுத்துப் பட்டை வியர்வையில் நனைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மறுபடியும் முதல் புனிதரிலிருந்து தொடங்கினார்.

அப்போதுதான் தங்கச்சி செம்பைக் கீழே வைத்தாள். கதவோரச் சுவரைக் கையால் தடவினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எட்டுகிற உயரம் வரை. புதுப் பெயிண்ட், வழவழவென்று இருந்தது.

"ஆணி எங்க?" என்றாள்.

முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சாவி ஆணியில தொங்கும்னு சொன்னீங்களே, அந்த ஆணி எங்க முதலாளி? எங்கக்கா கைய நீட்டினா எட்டியிருக்கும்னீங்களே! காட்டுங்க, எனக்கு எட்டுதான்னு பாக்கறேன்."

"அது... பழைய கட்டடத்துலம்மா."

லைசன்ஸ் ஆபீசர் தொண்டையைச் செருமினார். அவருக்கும் தலை தப்பியாக வேண்டுமே. "இந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தானே எனக்கு எழுதிக் குடுத்தீங்க? கதவோரம் ஆணி, ஆணியில சாவின்னு?"

முதலாளி ஆத்திரத்தில் அறிவை இழந்தார். "என்ன சார் நீங்களும்! எந்த ஆலையில சார் சாவியை ஆணியில மாட்டறாங்க? எல்லாக் காலத்துலயும் அவன் இடுப்புலதான் இருக்கும். அன்னைக்கும் அங்கதான்..."

நிறுத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. பேங்க்காரர் ஓர் அடி தள்ளி நின்றார்.

தூரத்தில் ஜிங் ஜிங் என்று சத்தம். சாவிக்கொத்து, முதலாளியின் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தான். அத்தனை பேரும் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அம்மாவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

"ஏண்டா எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் அந்த அம்மா.

சாவிக்கொத்து இடுப்புக் கொத்திலிருந்து சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்தான். சங்கிலி தரையில் சரிந்து விழுந்தது. தங்கச்சி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். சாமியார் திறந்த வாசலில் தாராளமாகத் தெளித்தார். மிச்சம் இருந்ததை முதலாளியின் சட்டை மேல் தெளித்தார். ஆசீர்வாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். விசாரணை மறுபடி திறந்தது. சாமியாருக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்கவில்லை, பெட்டியைக் கட்டினார். கடைசிப் பூசையிலும் அந்த இடத்தில் இருமினார். கோயில் நிறைந்திருந்தது. தங்கச்சிக்குப் பக்கத்தில், அவளை நடுத்தெருவில் ஏசிய தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்ததும் தங்கச்சியும் இருமினாள். அப்புறம் கோயிலே இருமியது.

விசாரணையில் முதல் சாட்சி தங்கச்சி. அதே வக்கீல். இந்த முறை பேச்சுப் புரியவில்லை என்று சொல்ல வழியில்லை. விசாரணை அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்: "அரை நிமிஷத்துல தொறக்கலாம்னு இவங்க சொன்னாங்களே, மந்திரிப்பு அன்னைக்குப் புதுக் கூடத்துப் பின்கதவைத் தொறக்க எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

அவள் முதலாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

முப்பத்தொரு நிமிடம்.