மூன்று வாரம் ஒளித்து வைத்த கை

தறிக்கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தேன், வலது காலில் செருப்பு இல்லை. தெருவில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. விசைத்தறியில் அறுந்த இழையைப் பிணைத்துவிடுவது என் வேலை. எனக்கு வந்த நோய் வந்தவர்களும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

செருப்பு கழன்றதற்கு இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. செருப்பு கழன்ற மறுநாள் இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. அதற்கடுத்த நாள் வாசல்படி ஏற முடியவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். சொந்தக்காரர்கள் பக்கவாதம் என்றார்கள். ஒருத்தி கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்கால் வரை பூசினாள். புற்றுமண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது வேலை செய்யட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தோமே, அதுதான் செய்தது. காலில் ஆரம்பித்த மதமதப்பு மேலே ஏறுகிறது என்றால் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்காம் நாள் தண்ணீர்க் குழாயை மூட விரல் மடங்கவில்லை. அப்படியே விழுந்தேன். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி என்னைத் தூக்கி வேனில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தறி ரிப்பேர்தான் தொழில். ஆனால் எதையாவது புதிதாகச் செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது. இழை அறுந்தால் தறி தானாக நிற்க ஒரு பிரேக் செய்தார், அது இன்றும் ஓடுகிறது. புளியங்குடி வியாபாரி ஒருவருக்கு எலுமிச்சம்பழத்தைப் பருமன் பார்த்துப் பிரிக்கும் மிஷின் செய்தார், அது பாதிப் பழத்தைப் பிழிந்து கொடுத்தது. ஊரில் அவருக்குப் பெயர் 'கிறுக்கு மெக்கானிக்'. கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கை கால் நரம்பில் சின்னதாகக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். கில்லன்-பாரே என்றார் டாக்டரம்மா (வயிற்றுப்போக்கு மாதிரி ஒரு தொற்று வந்து போன பிறகு, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நம் நரம்பின் மேலுறையை அரித்துவிடும் நோய்).

என் வீட்டுக்காரர் கேட்டார். "உள்ள ஓடுத கரண்ட் வயரு நல்லாருக்கா டாக்டரம்மா? மேல உள்ள உறைதான் போயிருக்கா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப திரும்பச் சுத்திரலாம்லா?"

"சுத்தலாம். ஆனா நீங்க சுத்த முடியாது. அவங்க உடம்புதான் சுத்தணும். மெதுவாத்தான் சுத்தும்."

அவர் முகம் தொங்கிப்போனது. தன் கையால் செய்ய முடியாத ரிப்பேர் ஒன்று இருக்கிறது என்பதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை.

ஐந்து நாள் நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்; தாக்குதலை அடக்கும்). அந்த நாள்களில் காலையும் மாலையும் டாக்டரம்மா வந்து, "ஒரே மூச்சில் எண்ணுங்க" என்பார். மூச்சுத் தசைக்கும் நோய் ஏறுகிறதா என்று பார்க்க அது வழி. முதல் நாள் இருபத்திரண்டு வரை எண்ணினேன். மூன்றாம் நாள் பதினொன்றில் நின்றுவிட்டது. மூச்சுக் கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் எண்ணும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் உதடும் கூடவே எண்ணும். மறுநாள் பன்னிரண்டு வந்தது. அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தேன். கழுத்துக்கு மேலே நான். கழுத்துக்குக் கீழே ஒரு மூட்டை. மூட்டைக்கு வலி மட்டும் உண்டு. சேலை பட்டால் எரியும். நான் எல்லாரையும் திட்டினேன். வாய் மட்டும்தானே வேலை செய்தது, அதற்கு முழு வேலை கொடுத்தேன்.

குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் அவர்தான். முதல் நாள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். "ஏட்டி, கிரீஸ் அள்ளுத கை இது. இதுக்கு என்ன அசிங்கம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு அவர் பட்டறைக்குப் போய்ச் செய்ய ஆரம்பித்தார். முதலில் கட்டில். இரும்புக் குழாய்ச் சட்டம், நடுவில் கீல், கீழே கார் ஜாக்கி. ஜாக்கியைச் சுற்றினால் பலகை என்னை இடப்பக்கம் சாய்க்கும், மாற்றிச் சுற்றினால் வலப்பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாய்ப்பார். எனக்குப் படுக்கைப்புண் (ஒரே பக்கமாகக் கிடந்து தோல் அழுகுவது) ஒன்றுகூட வரவில்லை. அடுத்து, கன்னத்தால் அழுத்தினால் பட்டறையில் மணி அடிக்கும் சுவிட்ச். முதல் வாரம் அதை அடித்து அடித்து அவர் உயிரை வாங்கினேன்.

அதன் பிறகுதான் ஊட்டும் கை வந்தது. கார் வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், ஒரு நீளக் கரண்டி. கன்னத்தால் அழுத்தினால் தட்டில் அள்ளும், வாய்க்கு வரும், நிற்கும். முதல் நாள் குழைந்த சோற்றை மூக்கில் வைத்தது.

"வாய் எங்கன இருக்குன்னு உங்க மிஷினுக்குத் தெரியல" என்றேன்.

"உன் வாய் எங்கன இருக்குன்னு ஊருக்கே தெரியும். இதுக்கும் தெரிஞ்சிரும், பொறு."

நாலு நாளில் சரியாக வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கு வேண்டிய வேகத்தில் நானே சாப்பிட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, பிறர் ஊட்டித் தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. யாரோ போனில் படம் எடுத்து அனுப்ப, ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் கண்காட்சியாம். நான் மிஷினில் சாப்பிடுவதை வீடியோ எடுத்துப் பெரிய திரையில் போடுவார்களாம். போன் பேசிய ஆள் இவரை "ஐயா" என்றான். அவர் போனை வைத்த பிறகும் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். "ஐயாங்கான்ட்டி" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் முகம் அப்படி ஆகிப் பார்த்ததில்லை.

வீடியோ எடுத்துப் போனார்கள். அதற்கு மூன்றாம் நாள், மத்தியானம், அவர் பட்டறையில் இருந்தபோது, என் வலது கட்டைவிரல் அசைந்தது. ஆட்காட்டி விரலும் அசைந்தது. போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளினேன். விட்டேன். மறுபடி கிள்ளினேன்.

கன்னத்துக்குப் பக்கத்திலேயே மணி இருந்தது. நான் அடிக்கவில்லை.

நினைத்தது இதுதான். கை திரும்புகிறது என்று சொன்னால் இந்த மனிதர் மிஷினை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கண்காட்சிக்குப் போகமாட்டார். போனாலும், "இப்ப அவங்களே சாப்பிடுதாங்களா?" என்று எவனாவது கேட்பான், இவர் பொய் சொல்லத் தெரியாமல் முழிப்பார். மூன்று வாரம்தானே, கை எங்கே ஓடிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி (தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுத்து இயக்கத்தை மீட்பது) செய்ய, கடையநல்லூரிலிருந்து நசீமா ஸ்கூட்டரில் வருவாள். "யக்கா, விரலை மடக்கிப் பாருங்க" என்பாள். நான் துணி மாதிரிக் கையைத் தொங்கப்போடுவேன். கால் முட்டி மடங்க ஆரம்பித்துவிட்டது, தோள் கொஞ்சம் எழும்புகிறது. விரல் மட்டும் ஏன் வரவில்லை என்று அவளுக்குக் குழப்பம். நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். அவர் இருக்கும்போது கையை அசைக்காமல் கிடந்தேன். இல்லாதபோதும், பழகிவிட்டால் மறந்து அசைத்துவிடுவேன் என்று பயந்து, அசைக்கவில்லை.

இதைப் படிக்கிற எவளும், எவனும் இதைச் செய்யாதீர்கள். நான் செய்தது தியாகம் இல்லை, முட்டாள்தனம்.

கண்காட்சி முடிந்து ஒரு கேடயத்தோடும் பொன்னாடையோடும் வந்தார். சாய்வாக உட்கார வைத்திருந்த என் தோளில் அந்தப் பொன்னாடையைப் போட்டார். வழவழப்பான துணி. சரிந்தது. என் கை போய்ப் பிடித்துவிட்டது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். அது துணியை விடவில்லை.

"எத்தனை நாளாட்டி?"

"மூணு வாரம்."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எதுக்கு மறைச்ச?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க? ஊரே கிறுக்கன்னு சொன்ன மனுசன ஒருத்தன் ஐயான்னு கூப்புடுதான். அந்த நேரத்துல நான் கைய ஆட்டிக்கிட்டு வரணுமா?"

அவர் என்னைத் திட்டியதே கிடையாது. அன்றைக்குத் திட்டினார். "அறிவு இருக்காட்டி உனக்கு? மிஷின நாளைக்கு வேற யாருக்காவது மாட்டிக்கிடலாம். உன் கைய எவகிட்டட்டி போயி வாங்க?" என் விரலைத் துணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்க முடிந்தது. நிமிர்த்தத்தான் முடியவில்லை.

மறுநாள் நசீமா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக் காய்ச்சினாள். நீட்டி மடக்காத விரலில் தசைநார் சுருங்கிவிட்டது (எலும்பையும் தசையையும் இணைக்கும் கயிறு குட்டையாகிவிட்டது). "நரம்பு வாரதுக்குள்ள விரல் பூட்டிக்கிட்டா, வந்த நரம்புக்கு வேலை இல்லாமப் போயிரும் யக்கா. கதவு பூட்டுன வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி. இனி எனக்குப் பொய் சொன்னீங்கன்னா வரமாட்டேன்." என் மகள் வயது இருக்கும். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஊட்டும் கையை அவர் அந்த வாரமே கழற்றினார். கரிவலம்வந்தநல்லூரில் தென்னையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ஒருவருக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். அந்த மனிதருக்குக் கை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அங்கே அந்த மிஷின் சரியான இடத்தில் இருக்கிறது. அதை முதலிலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்: வராத கைக்கு அது கை, வருகிற கைக்கு அது பூட்டு.

எனக்கு அவர் வேறு ஒன்று செய்தார். தறி ஸ்பிரிங் நாலு, தோல் வார், ஒரு மரப்பிடி. கையில் மாட்டினால் விரலை மேல்நோக்கி இழுக்கும். நான் அதை எதிர்த்து மடக்க வேண்டும்.

"இது என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது. உன்கூடச் சண்டை போடும்."

நசீமா அதை வாங்கித் தன் கையில் மாட்டிப் பார்த்து, இழுவை அதிகம் என்று இரண்டு ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னாள். தன் வேலையில் குறை சொல்கிறாளே என்று அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் கழற்றினார். நான் தினமும் அதோடு சண்டை போட்டேன். முதல் நாள் ஆறு தடவை மடக்கினேன். வலித்தது, ஸ்பிரிங்கைத் திட்டினேன், செய்தவரையும் திட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். இரண்டு மாதம் கழித்து மூன்றாவது ஸ்பிரிங் ஏறியது.

இப்போது நடக்கிறேன். பாதத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், இருட்டில் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. தறிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. இழையைப் பிணைக்க முன்பு ஒரு நொடி ஆகும், இப்போது நாலு நிமிடம் ஆகிறது, தறி அவ்வளவு நேரம் நிற்காது. ஜாக்கெட் ஊக்கு மாட்டக் கால் மணி நேரம். முன்பு ஒரு நாளில் இருபது வேலை செய்வேன். இப்போது ஐந்து. ஐந்தும் எனக்குத் தெரிகிறது, ஒவ்வொன்றும் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று. இருபது வேலை செய்த காலத்தில் ஒன்றும் தெரிந்ததில்லை.

கையில் பலம் வந்த பிறகும் உணர்ச்சி வரவில்லை. சோற்றைப் பிசைவேன். ஆனால் கண்ணை மூடினால், என் விரல் சோற்றுக்குள் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. சூடு தெரியாமல் தொட்டு விரல் கொப்புளித்துவிடும் என்று, சோற்றைத் தட்டில் போட்டு ஆற வைத்து, தன் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அவர் எனக்குக் கொடுப்பார். உணர்ச்சி எப்போது வரும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம்" என்றார். நேராகச் சொன்னார், அது எனக்குப் பிடித்தது.

போன மாதம் ஒரு மத்தியானம், பட்டறையிலிருந்து வந்த அவசரத்தில் அவர் தொட்டுப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டார். நான் குழம்பை ஊற்றிக் கையை வைத்தேன். சுரீர் என்றது.

"யாத்தே! இப்படியா கொதிக்கக் கொதிக்க வைப்பீங்க? கை வெந்துபோச்சு!"

அவர் பதறி எழுந்தார், தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார், என் கையைப் பிடித்துத் தூக்கினார். பிறகு அப்படியே நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சுட்டுச்சா?" என்றார், மெதுவாக.

"சுட்டுச்சு."

"எந்த விரல்?"

ஆட்காட்டி விரலைக் காட்டினேன். நடுவிரலையும் காட்டினேன். சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. அவர் தரையில் கொட்டிய தண்ணீரைத் துடைக்கவில்லை. என் விரல் நுனியை ஊதிக்கொண்டே நின்றார். அந்தக் காற்றும் தெரிந்தது.